சித்திரையில் முட்டைக்கோசு

மாசிப் பனி விலகி, வெயில் உச்சந்தலையில் உறைக்கத் தொடங்கியதும் எங்கள் வில்லியனூர் வட்டாரத்தில் ஓர் இனம் மண்வெட்டியோடு வெளியே வருகிறது. விவசாயி என்று எண்ணிவிடாதீர்கள். விவசாயி அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்திருப்பான். இவர் தோட்டம் போடக் கற்றுக்கொள்பவர். அதைவிட ஆபத்து, கற்றுக்கொள்ளும்போதே கற்றுக்கொடுப்பவர்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். பாண்டிச்சேரியில் ஏதோ ஓர் ஆபீஸில் வேலை. போக வர சைக்கிள். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, அதற்கடியில் இலவசமாகக் கிடைத்த விவசாயத் துண்டுப் பிரசுரம். ரேடியோவில் யாராவது உரத்தைப் பற்றிப் பேசினால் பென்சிலோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பார். பக்கத்து நிலத்தில் முப்பது வருஷமாக வெண்டை போடுகிறவனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டால் படித்த படிப்பு என்னாவது?

ஒதியம்பட்டு நமச்சிவாயம் இந்த இனத்தில் முதல் தரம். ஊட்டிக்குப் போனவர், எல்லாரையும் போல வர்க்கியும் தைலமும் வாங்கிவராமல், முட்டைக்கோசு விதையும் நாற்று விடும் முறையைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகமும் வாங்கிவந்தார். உறைபனியிலிருந்து நாற்றைக் காப்பாற்ற பிளாஸ்டிக் தாளால் மூடவேண்டும் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. சித்திரை மாதத்து ஒதியம்பட்டில் உறைபனி ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை. யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பையைக் கிழித்துப் பாத்தியின் மேல் விரித்து, நாலு பக்கமும் மண் அணைத்து, காற்று புகாதபடி மூடிவிட்டு, இந்த ஊர் ஜனங்களுக்கு எப்போதுதான் விஞ்ஞானம் ஏறுமோ என்று மனைவியிடம் வருத்தப்பட்டார்.

இதோடு நின்றிருந்தால் நஷ்டம் கோசுக்கு மட்டும். ஆனால் இந்த இனத்துக்குத் தனியாகக் கெடத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் கலியம்மாள் கத்தரி நாற்று விட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். இருப்பது பத்து சென்ட். அதில் காய்ப்பது சந்தைக்குப் போனால்தான் வீட்டில் உலை. விதையும் அவளே நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு, சாம்பலில் புரட்டிக் காயவைத்து எடுத்தது. தென்னங்கீற்றால் தாழ்வாக நிழல் கட்டி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்ததில் நாற்று இரண்டு இலை விட்டுப் பச்சைப்பசேலென்று நின்றது. நமச்சிவாயம் அந்தக் கீற்றைப் பார்த்துச் சிரித்தார். மீதி பாலிதீனை வேலிக்கு மேலே நீட்டினார்.

கலியம்மாளுக்கு மனசில்லை. ஆனால் அவளுடைய விதவைப் பென்ஷன் மனுவை எழுதியவர் அவர். அது எந்த மேஜையில் தூங்குகிறது என்று விசாரித்துச் சொல்கிறவரும் அவர். அந்தப் பேச்சை எப்படித் தட்டுவது? கீற்றைப் பிரித்துவிட்டுத் தாளை மூடினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாளைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடித்தது. நாற்று முழுவதும் அவித்த கீரையாகப் படுத்துக் கிடந்தது. சாயங்காலம் சைக்கிளைவிட்டு இறங்கிய நமச்சிவாயத்திடம் அவள் சண்டைக்குப் போகவில்லை.

"எடுத்து வெச்ச வெதை பூரா இதுலதான்யா போட்டேன். இனிமே வெதைக்கு நான் எங்கய்யா போவேன்?"

அவர் ஒரு நாற்றைக் கிள்ளி மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாட்டு வெதை இல்ல? அதான் தாங்கல. புக்குல சொன்னது இன்னா, நீ போட்டது இன்னா?"

அவருடைய கோசும் அதே நாளில்தான் வெந்தது. அதற்குக் காரணம் ஊட்டிக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டானாம். தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. வருத்தம் தெரிவிக்கலாமே என்றால், அது புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. கலியம்மாள் அந்தக் கோடை முழுக்க அடுத்தவர் கரும்புக்குக் களையெடுக்கப் போனாள். இவரோ அடுத்த வாரமே டீக்கடையில் நடேசன் என்ற இன்னொரு அப்பாவியைப் பிடித்து உட்காரவைத்து மிளகாய்ச் சாகுபடி விளக்கிக்கொண்டிருந்தார். பார்த்த நான் அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

நீங்களும் இவ்வளவு நேரம் அவரைத் திட்டிக்கொண்டே படித்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் நாற்று வெந்த இடத்தில் உங்கள் மனசில் முதலில் வந்தது என்ன? தாளில் நாலு ஓட்டை போட்டிருக்கலாம், மத்தியானத்தில் திறந்து வைத்திருக்கலாம் என்றுதானே? உண்மையைச் சொல்லுங்கள், வாழ்நாளில் ஒரு பாத்தியாவது கொத்தியிருக்கிறீர்களா?

கலியம்மாள் யாரிடமோ கெஞ்சி ஒரு பிடி விதை வாங்கி, இந்த வருஷம் மறுபடி நாற்று விட்டிருக்கிறாள். தயவுசெய்து நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.