கோடையில் வாங்கிய கோட்டு

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க," என்றாள் மனைவி.

இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா உயிரே போயிடும்டி!"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. அதற்குக் கீழே, கெட்டியான கருநீலக் கம்பளிக் கோட்டுக்குள், வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தார் பள்ளிப் பேருந்து டிரைவர். நடுப் பொத்தானுக்கும் அதன் துளைக்கும் இடையே இரண்டு விரல் தூரம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சேர மட்டும் மாட்டேன் என்றன.

கோட்டுக்கு வேலை குளிர்காலத்தில்தான். மகள் அப்போது டாக்டர் பட்டம் வாங்குகிறாள். பெற்றோரும் மேடையேறிப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இருபத்தாறு வருடமாகக் காக்கிச் சட்டை தவிர வேறெதையும் போட்டு அறியாத மனிதர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். 'அத்தனை கோட்டுக்காரர்களுக்கு நடுவில் என்னால் என் பிள்ளை தலை குனியக்கூடாது' என்பதுதான் அவர் நினைப்பெல்லாம்.

குளிர்காலத்தில் கோட்டு விலை கேட்டால் காய்ச்சல் வந்துவிடும். அதனால் கோடைத் தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கினார். அந்தப் பாதிக்கும் மனைவி தனக்கு எடுக்கவிருந்த துணியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கடையில் போட்டுப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அது ஒரு மாதத்துக்கு முன். நடுவில் பள்ளி விடுமுறை. வீட்டில் உட்கார்ந்தபடி வேளைக்கு இரண்டு தடவை சாப்பிட்டிருந்தார்.

"மடிச்சு வெச்சோம்ல, அதான் சுருங்கிப்போச்சு," என்றார்.

மனைவி கோட்டைப் பார்த்தாள். அவர் வயிற்றைப் பார்த்தாள். "இருக்கும்," என்றாள்.

கடவுள் மனிதனுக்கு வயிற்றைக் கொடுத்தார். பொத்தானை மனிதன் தானாகக் கண்டுபிடித்தான். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அன்றே கோட்டைத் தோள் பிடிக்கும் மரத் தாங்கியில் மாட்டி அலமாரியில் தொங்கவிட்டார். தன் பங்குக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினார். மூன்றாம் நாள் விளக்கேற்றிச் சாமி கும்பிடும்போது அவர் வயிறு போட்ட சத்தத்தில் மனைவி கண்ணைத் திறந்துவிட்டாள்.

"ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

"கோட்டு உள்ளே நான் போறவரைக்கும், என் உள்ளே சாப்பாடு போகாது."

இரண்டு வாரம் கழித்து, மனைவி வெளியே போயிருந்தபோது கோட்டைப் போட்டுப் பார்த்தவர் அதிர்ந்துபோனார். தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இன்னொரு டிரைவரையும் ஏற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேருந்து நிறுத்துமிடத்து மெக்கானிக்கிடம் யோசனை கேட்டார்.

"கம்பளின்னா என்னண்ணே? ஆட்டு முடி. ஆட்டு மேல இருக்கறப்போ வளர்ந்துக்கிட்டே இருந்ததுதானே? அந்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?"

"தொங்கவிட்டதால இழுத்துக்கிச்சோ?"

"அதுவும்தான்," என்றார் மெக்கானிக். அவர் எந்த யோசனையையும் மறுப்பதில்லை.

அருமைக் கோட்டைத் தொங்கவிட்டே பாழாக்கிவிட்டோம் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனை டெய்லரிடம் ஓடினார்.

டெய்லர் கோட்டை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவினார். டிரைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களாண்ணே?"

"மூச்சு விடக்கூடாது! இடுப்பைப் பிடிச்சுத் தை. அவகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

டெய்லர் சுவரிலிருந்த சாமி படத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். "சத்தியம் வேணுமாண்ணே?"

"பண்ணு."

பண்ணினார். நல்ல மனிதர், சொன்ன சொல் தவறாதவர்.

இந்தத் தடவை டிரைவர் கோட்டைத் தொங்கவிடவில்லை. பழந்துணியில் பொதிந்து, மடிப்புக்கு மடிப்பு அந்துருண்டை போட்டு, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்தார். வீட்டுச் சாவிகள் எல்லாம் ஒளிந்திருக்கும் இடமும் அதுதான். கவலை தீர்ந்த நிம்மதியில் விட்ட ராத்திரிச் சாப்பாடுகளையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம், "எங்கே, ஒருதரம் போட்டுக் காட்டுங்க," என்றாள் மனைவி.

கை நுழைந்தது. தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை.

"அந்துருண்டை!" என்று அலறினார். "அந்த நெடிக்கு நம்ம மூக்கே சுருங்குது, கம்பளி சுருங்காதா?"

மறுபடியும் பட்டினி. இரண்டு வாரத்தில் கோட்டு மறுபடியும் சாக்குப்பை மாதிரி தொங்கியது. பூட்டிய பெட்டிக்குள் இருந்துகொண்டே பெருத்திருந்தது! நடுவில் ஒருநாள் மொட்டைமாடியில் காயவைத்தது நினைவுக்கு வந்தது.

"வெயில்ல இரும்பே விரியும்ணே," என்றார் மெக்கானிக்.

மறுபடியும் டெய்லர். மறுபடியும் சத்தியம்.

அதன் பிறகு கோட்டு வெயிலையே பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருட்டில் கிடந்தது. அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை. மழைக்காலத்தில் இறுகியது, மழை விட்டதும் தளர்ந்தது. டிரைவருடைய கன்னம் ஒட்டுவதும் உப்புவதுமாக இருந்தது. "அந்தப் பாழாப்போன கோட்டு வேண்டாம்பா, நீ காக்கியிலேயே வா," என்று போனில் மகள் கெஞ்சினாள். அவர் கேட்டால்தானே?

விழாவுக்கு முதல் நாள் மாலை மூன்றாம் தடவையாக வந்து நின்றவரைப் பார்த்து டெய்லர் கும்பிட்டார். "அண்ணே, தையல் போட்டுப் போட்டுத் துணி நைஞ்சுபோச்சு. லேசாத்தான் பிடிச்சிருக்கேன். கையைத் தூக்காதீங்க, பலமா மூச்சு விடாதீங்க."

விழா மேடையில் டிரைவர் பலமாக மூச்சு விடவில்லை. கையையும் தூக்கவில்லை. ஆனால் பட்டம் வாங்கிய மகள் நேரே ஓடிவந்து, "அப்பா!" என்று கட்டிக்கொண்டபோது எந்த அப்பாவால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கமுடியும்?

டர்ர்ர்!

முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்புவரை வாய் பிளந்தது. அடுத்த நொடியே ஓர் உள்ளங்கை அதன்மேல் பதிந்தது. மனைவியின் கை.

"அசையாதீங்க," என்று முணுமுணுத்தாள். "நான் பிடிச்சிருக்கேன்."

"ஆஹா, அப்படியே நில்லுங்க!" என்றார் புகைப்படக்காரர். "அம்மா, கையை எடுத்துடாதீங்க!"

அவள் எடுப்பாளா? படியிறங்கும்போதும், கைகுலுக்க வந்தவர்களுக்கு நடுவிலும், விருந்து மேசையிலும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. "இந்த வயசுலயும் என்ன அந்நியோன்யம்!" என்று கல்லூரித் தலைவர் தம் மனைவியிடம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். மகள் தலை குனியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்கப்பா, இது எங்கம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிவரை அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாளா என்பதே சந்தேகம்.

திரும்பும் வழியில் மூவரும் டெய்லர் கடையில் இறங்கினார்கள். டிரைவருக்கு அதற்குமேல் மனசு தாங்கவில்லை.

"என்னை மன்னிச்சுடு," என்றார் மனைவியிடம். "நீ விட்டுக்கொடுத்து வாங்கின கோட்டு. எனக்கு வெச்சுக் காப்பாத்தத் தெரியலை. தொங்கவிட்டா நீண்டுச்சு, மடிச்சா சுருங்கிச்சு. உனக்குத் தெரியாம மூணு தடவை இங்கே வந்து பிடிச்சுட்டுப் போனேன்."

மனைவி திறந்த வாயை மூடவில்லை. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டெய்லரைப் பார்த்தாள்.

டெய்லர் கிழிந்த கோட்டை வாங்கி மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"கோட்டு மேல பழி போடாதீங்கண்ணே. 'அந்த மனுஷன் பட்டினி கிடக்குறாரு, அவருக்குத் தெரியாம லூசா விட்டுடு'ன்னு ஒவ்வொரு தடவையும் அண்ணி வந்து சத்தியம் வாங்கிட்டுப் போவாங்க. நான் பிரிச்சுக் கொடுத்து முடிக்கறதுக்குள்ள, பிடிச்சுத் தைக்கச் சொல்லி நீங்க வந்து நிப்பீங்க!"