வெள்ளைக் கோட்டும் நெருப்புக் கயிறும்

ஒரு காட்டில் ஒரே ஒரு மருந்துக்கடை இருந்தது. உலகநாதன் என்ற கரடி வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு அதை நடத்தி வந்தார். வலப்பக்க அலமாரியில் இருமல் டானிக், இடப்பக்க அலமாரியில் பீடிக்கட்டு. நோயும் மருந்தும் ஒரே கடையில் கிடைத்ததால் மிருகங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

கரடி அண்ணாச்சி நேர்மையானவர். ஒவ்வொரு பீடிக்கட்டையும் கொடுக்கும்போது, "நெஞ்சுக்கு ஆகாதுவே, விட்டுத்..." என்று புத்தி சொல்ல ஆரம்பிப்பார். 'தொலையும்' வருவதற்குள் அவருக்கே இருமல் வந்துவிடும். கடைக்குப் பின்னால் போய் அவரும் பற்ற வைக்கிறவர்தான். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி செண்பகவல்லி, பீடியை விடச் சொல்லி மன்றாடுவாள். அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் சிங்கராஜாவிடம் ஒரு மனு கொடுத்தாள். 'மருந்துக்கடையில் பீடி விற்பது காட்டுக்கே அவமானம்.' வீட்டுக்காரரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பொதுநலம் என்று எழுதினால்தான் ராஜாவுக்குக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளே தடை வந்தது. சேவகர்கள் இடப்பக்க அலமாரியைக் காலி செய்து கொண்டுபோனார்கள். சரக்கு எங்கே போனது என்பது அன்று மாலை அரண்மனைக் குகையிலிருந்து வந்த புகையில் தெரிந்தது.

மூன்றாம் நாள் மருந்துக்கடைக்கு நேர் எதிரே மாடக்கண்ணு என்ற நரி பெட்டிக்கடை போட்டது. முன்னால் வாழைத்தார், உள்ளே பீடி, பற்ற வைக்க நுனி கனன்றபடி தொங்கும் தேங்காய்நார்க் கயிறு. புத்திமதி கிடையாது, நெருப்பு இலவசம். தினம் இரண்டு பீடி பிடித்த காட்டுப்பன்றி நாலு பிடிக்க ஆரம்பித்தது.

கரடிக்குப் பீடி இல்லாமல் பொழுது நகரவில்லை. செண்பகவல்லியிடம் வாங்கி வரச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? நாலாம் நாள் தாங்க முடியாமல் வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கடந்தார். கயிற்றைச் சுற்றி அவருடைய வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"வாங்க அண்ணாச்சி! நெருப்பு வேணுமா?" என்றது காட்டுப்பன்றி.

"சேச்சே! வாழைப்பழம் வாங்க..." என்று இருமிக்கொண்டே தாரைக் காட்டினார்.

மறுநாளும் வந்தார். மறுநாளும் பழம்தான். நாளுக்குப் பத்துப் பழம் தின்றாரே தவிர, அத்தனை பேர் பார்க்கப் பீடி கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து அரசாங்கத்துக் கொக்கு ஆய்வுக்கு வந்தது. ஒற்றைக்காலில் நின்று முந்நூறு மிருகங்களையும் விசாரித்து அறிக்கை எழுதியது. பீடியைக் கூட்டியவர் பலர். விட்டவர் ஒருவர்.

சிங்கம் அறிக்கையைப் படித்துத் துள்ளிக் குதித்தது. "ஒரு மருந்துக்கடையில தடுத்தோம், ஒருத்தர் விட்டுட்டார். முந்நூறு பேரும் விடணும்னா?"

"முந்நூறு மருந்துக்கடை வேணும், மகாராஜா" என்றது கொக்கு.

"அப்போ மருந்துக்கடை வைக்க ஆளுக்கொரு விண்ணப்பம் கொடு!"

விண்ணப்பம் மூன்று பிரதி. வரிசை ஆற்றங்கரை வரை போனது. நிற்கிறவர்களுக்குப் பொழுது போகவில்லை, பற்ற வைத்தார்கள். வரிசையின் கடைசி ஆளுக்கும் எட்டும்படி நரி கயிற்றை நீட்டிக் கட்டியது.

அறிக்கைக் கோப்பை மூடுமுன் கொக்கு செண்பகவல்லியிடம் வந்தது. "மனு கொடுத்தது நீங்கதானே? காடு பூரா புகையா இருக்கே, தடையால என்னம்மா பலன்?"

"இன்னைக்கு மத்தியானம், 'குழம்புல உப்பு ஜாஸ்தி, இத்தனை வருஷமாகியும் உனக்குச் சமைக்கத் தெரியல'ன்னு என்னை ஏசினாருய்யா" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நடுவுல ஒரு தடவைகூட இருமல."

நீதி: வீட்டுக்காரர் பீடியை விட வேண்டுமானால் காட்டுக்கே சட்டம் கேள். காடு விடவில்லையே என்று கவலைப்படாதே, அதற்குத் தனி வரிசை இருக்கிறது.