குடும்ப குரூப்பும் இரண்டு தகடுகளும்

"போட்டு இடது பக்கம் சாயுதே" என்று படகின் வீடியோவைப் பார்த்துவிட்டு மச்சான் ஜவஹர் அலி ஷார்ஜாவிலிருந்து குடும்ப குரூப்பில் எழுதியபோது, இப்ராஹிம் பரோட்டாவில் சால்னா ஊற்றிக்கொண்டிருந்தான். பரோட்டாவைத் தள்ளிவைத்துவிட்டு வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

புது ஸ்பீடு போட்டு. அரசலாற்றில் முகத்துவாரம் வரை ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்ப, ஷார்ஜா வேலையை உதறிவிட்டு வந்து வாங்கியது. முதல் ஓட்டத்தை மனைவி ஷஃபீனா கரையில் நின்று, வெயிலுக்கு ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுத்தாள். நம்ம ஊர் என்று தெரிய வேண்டுமே என்று லைட் ஹவுஸையும் சேர்த்துக்கொண்டாள். குரூப்பில் போட்டதும் 'மாஷா அல்லாஹ்' கொட்டும் என்று இப்ராஹிம் காத்திருந்தான். கொட்டியதெல்லாம் ஆலோசனை.

"ஒரு பக்கமா படுக்குதுப்பா. ஆள் ஏத்திடாதே" என்று பாரிஸ் மாமா குரல்பதிவு அனுப்பினார். ஆயுள் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர், படகைப் பற்றித் தெரியாமலா இருக்கும்?

மச்சான்தான் முடிவைச் சொன்னார். "லீவுல வர்றேன். நானே ஏறிப் பாப்பேன். நேரா ஓடுனா ஓட்டு. இல்லேன்னா வித்துட்டு என்கூட கிளம்பு. விசா ரெடி."

திரும்பவும் அந்தக் குடோன், அந்த அடுக்குக் கட்டில். மகள் இப்போதுதான் அவனை 'வீடியோ கால் வாப்பா' என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

கோட்டுச்சேரி மெக்கானிக் சிவநாதனை வரவழைத்து வீடியோவைக் காட்டினான்.

"போட்டப் பாத்தப்ப தெரியல பாய். போன்ல பாத்தாத்தான் தெளிவாத் தெரியுது" என்றான் சிவநாதன். "ட்ரிம் டேப் போட்டுருவோம்."

அதாவது, படகின் பின்பலகையில் அடிப்பக்கமாக இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு எஃகுத் தகடு. கீல் வைத்த கதவு மாதிரி ஏறி இறங்கும். ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சைத் தட்டி இடது தகட்டை இறக்கினால், ஓட்டத்தில் தண்ணீர் அதை முட்டி இடது பக்கத்தைத் தூக்கிவிடும்.

தண்ணீர் நன்றாக முட்டட்டும் என்று சிவநாதன் தகடுகளை அடிமட்டத்துக்கும் கீழே தொங்கவிட்டு முடுக்கினான். படகு ஆற்றை உழுதது. ஷஃபீனா அதையும் குடையும் போனுமாகப் படமெடுத்தாள்.

"இப்ப சாயவும் செய்யுது, ஓடவும் மாட்டேங்குது" என்று மச்சான் எழுதினார்.

கழற்றி, பழைய ஓட்டைகளை அடைத்து, கொஞ்சம் மேலேற்றி மாட்டினார்கள். படகு பறந்தது. ஆனால் வீடியோவில் பழையபடி இடது பக்கம் சாய்ந்தே பறந்தது.

"இடது தகட்ட இறக்கு" என்றான் இப்ராஹிம்.

"இறக்கிட்டேன் பாய்."

"இன்னும் இறக்கு."

தண்ணீர் பாட்டில் வலது பக்கம் உருண்டது. அதன் பின்னாலேயே சிவநாதன் சறுக்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பாய், நாம வலது பக்கம் கவுர்ற மாதிரி இருக்கு."

"உனக்கு அப்படித் தோணுது. வீடியோவப் பாப்போம்."

வீடியோவில் படகு அச்சில் வார்த்தது போல நேராகப் போனது. குரூப்பில் கைதட்டல். "நான் சொன்னேன்ல?" என்றார் பாரிஸ் மாமா, எதைச் சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை.

அன்றிலிருந்து இப்ராஹிம் வலது காலைப் பக்கப் பலகையில் முட்டுக்கொடுத்தபடி ஓட்டப் பழகிக்கொண்டான். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டான். குரும்பகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், கரையேறியதும் சண்டைக்கு நின்றது.

"கவுக்கப் பாத்தியாய்யா?" என்றார் அந்த வீட்டுப் பெரியவர்.

"என்னங்க நீங்க, நேராத்தான் போச்சு" என்று போனை நீட்டினான் இப்ராஹிம். பெரியவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் தலைசுற்றலோ என்று சந்தேகப்பட்டபடி போனார்.

மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, புது ஷூ. கூடவே அவர் மனைவி நஜீபா. குறுக்கே கேள்வி கேட்பாள் என்று குரூப்பில் சேர்க்கப்படாதவள். அவள் ஷஃபீனாவோடு கரையில் நின்றுகொள்ள, மச்சானை இப்ராஹிம் மரியாதையாக வலது பக்க சீட்டில் உட்காரவைத்தான்.

இப்ராஹிம் வேகமெடுத்தான். படகு வலது பக்கம் படுத்தது. மச்சானின் மடிக்குள் அரசலாறு வந்தது.

கரையேறியபோது ஒரு காலில் ஷூ இல்லை. சட்டையைப் பிழிந்துகொண்டே, "டிக்கெட் போடச் சொல்றேன். போட்ட வித்துடு" என்றார் மச்சான்.

இப்ராஹிமுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான், நீங்க எல்லாரும் பாத்து சரின்னு சொன்னதுதானே? இதுல பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு. மொதல்லதான் சாஞ்சிருந்துச்சு, அதையும் பாருங்க."

நீட்டிய போனை நஜீபா வாங்கினாள். முதல் வீடியோவிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து கடற்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி போனைப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் லைட் ஹவுஸும்தான் இடது பக்கம் சாஞ்சு நிக்குது" என்றாள். "அதுக்கு எப்ப தகடு மாட்டப் போறீங்க?"