வர்த்தமானனின் இடது முழங்கால்

இனி ஜென்மத்துக்கும் சாணி அள்ளுவதில்லை என்று வர்த்தமானன் தீர்மானித்தார். அன்று காலையே அவருக்கு இடது முழங்காலில் வலி வந்தது.

நேரம் காலம் தெரிந்த வலி. மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து சேர்ந்துகொள்ளும். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் விடைபெற்றுக்கொள்ளும். வேங்கிக்காலில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் அதைக் கண்டவர் எவருமில்லை. சாயங்காலம் அடி அண்ணாமலை வீட்டுக்குத் திரும்பினால் வாசற்படியிலேயே காத்திருக்கும்.

சாணி, தண்ணீர், தீவனம் எல்லாம் மனைவி கனகமாலாவின் தலையில் விழுந்தன. பால் கேனையும் அவளே சொசைட்டிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. சாவி அவரிடம் இருந்தது.

"ஒருவாட்டி குடுங்களேன்."

"வண்டி ஒரு கைக்குப் பழகினது. கை மாறினா கெட்டுடும்."

அந்தச் சமயத்தில் அவள் தம்பி அஜிதன் சென்னையிலிருந்து வந்தான். மாடு நடப்பதை வீடியோவில் பார்த்தே கால்நோயைக் கண்டுபிடிக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வீட்டிலிருக்கும் செவலைப் பசுவை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

"நடக்கறத எடுத்தா போதும் மாமா. மூட்டுக்கு மூட்டு புள்ளி வெச்சி, கோடு போட்டு சேத்துடும். எந்தக் கால்ல பாரம் கம்மியா ஊனுதுன்னு சொல்லிடும்."

"நடிச்சா?"

"மாடு எதுக்கு மாமா நடிக்கப் போவுது?"

கனகமாலா கயிற்றைக் கணவர் கையில் கொடுத்தாள். "நீங்களே ஓட்டிக்கிட்டு நடங்க. கூட நடக்கறவங்க வண்டவாளமும் வெளிய வந்துடும் போல."

அஜிதன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தான். வர்த்தமானன் கயிற்றைக் கம்பத்தில் மாட்டினார். இதுநாள் வரை மனைவியின் கண்ணுக்காகத்தான் தாங்கித் தாங்கி நடந்திருந்தார். இயந்திரத்தின் முன் நடப்பது வேறு. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒத்திகை பார்த்தார். கால் மாறிவிடக் கூடாதே என்று இடது செருப்புக்குள் ஒரு சரளைக்கல்லைப் போட்டுக்கொண்டார். பிறகு அவர் நடந்த நடையைக் கண்டு செவலையே ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தது.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்தது. அஜிதன் ஊருக்குக் கிளம்பிப் போனதும் கனகமாலா முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்தாள்.

"செவலைக்கு ஒண்ணுமில்லையாம்ங்க."

"நல்லதாப் போச்சி."

"உங்களுக்குத்தான்…"

"எனக்கு?"

"இடது கால ஊனவே இல்லையாம். நான் பாவி, பொய்னு நெனச்சிட்டேன்."

"விடு கனகா" என்றார் பெருந்தன்மையோடு. விஞ்ஞானத்தின் மேல் அவருக்குத் திடீரென்று மரியாதை வந்தது.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"வண்டி நின்னா எந்தக் கால ஊனுவீங்க?"

"இடது கால."

"அதான்."

மறுநாளிலிருந்து அவருக்கு பஸ்தான். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தின் நடுவே ஒற்றைக்காலில் நின்றபடி அலுவலகம் போனார். வலி இப்போது அலுவலகத்துக்கும் வர வேண்டியிருந்தது. கனகமாலா பாலை ஊற்றிவிட்டு டவுனையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். தெருமுனையிலேயே ஹாரன் கேட்டது. வண்டி கெடவில்லை. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

அஜிதன் மறுபடி வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை வர்த்தமானன் பொறுமை இழந்தார்.

"கனகா, இங்க பாரு!" வாசலில் எகிறிக் குதித்தார். உட்கார்ந்து எழுந்தார். "வலி பூரா போயிடுச்சி. சாவிய எடு."

"நெஜமாவா? குனிய வருதா?"

"பாரேன்."

குனிந்தவரின் கையில் சாணிக்கூடையை வைத்தாள். "அப்படியே கொட்டகையப் பாத்துடுங்க. நான் பால் ஊத்திட்டு வந்துடறேன்."

ஸ்கூட்டர் போய்விட்டது. வர்த்தமானன் கூடையோடு மச்சானிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கி எடுத்த வீடியோல என் காலுக்குப் போட்ட கோட்டை மட்டும் அழிச்சிடுப்பா. யாராவது பாத்தா அசிங்கம்."

"உங்க காலுக்கா?"

அஜிதன் போனைத் திறந்து காட்டினான். செவலையின் உடம்பெங்கும் புள்ளிகள். பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டும் ஆளின் மேல் ஒரு பொட்டுகூட இல்லை.

"இது மாட்டுக்கு மட்டும்தான் மாமா. அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனே."