கை எங்கே இருக்கிறது?

என் கையில் ஸ்டீரிங்கைக் கொடுத்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் சாலையைப் பார்க்க மாட்டார்கள். என் கைகளைத்தான் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. (ஓர் ஆற்றைத்தான் இடித்தேன்.)

எங்கள் ஊர் திருப்பதியை அடுத்த ஏர்பேடு பக்கம். அண்ணன் முனிரத்தினம் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். தெருவுக்கு நாலு பேர் குவைத்துக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே ஒரு வீட்டில் டிரைவர் வேலைக்கு அவனுக்கும் விசா வந்துவிட்டது. வழியனுப்பும் சாக்கில் அவனுடைய டிரைவர் கூட்டாளிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மூன்று ஜீப்புகளில் கிளம்பினார்கள். மலைகளுக்கு நடுவே வரும் காட்டாற்றுக்குள்ளேயே ஓட்டிப் போய், அருவியில் குளித்து, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்புவதாகத் திட்டம். பாதை என்று எதுவும் கிடையாது. கல், மணல், தண்ணீர், அவ்வளவுதான்.

அவன் போவதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. நைனா (எங்கள் அப்பா) இறந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆள் அவன்தான். ஆனாலும் அழுது வழியனுப்பக் கூடாது என்று ஒரு வீம்பு. அதனால் வேறொன்று கேட்டேன்.

"ஆத்துல நான் ஓட்றேண்ணா."

அவன் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எனக்குப் பிறவி டிரைவர் என்கிற நினைப்பு.

"பொட்டப்புள்ள கையில வண்டியக் குடுக்கறியே, உனுக்குப் புத்தி இருக்குதாடா?" என்றாள் அம்மா.

"நான் போய்ட்டா உன்ன ஆஸ்பத்திரிக்கு யாரும்மா இட்டுக்கினு போவாங்க? அவ ஓட்டட்டும்."

அம்மா முனகிக்கொண்டே பின் சீட்டில் ஏறினாள்.

அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் பாஸ்போர்ட். (வீட்டில் வைத்தால் எலி கடித்துவிடுமாம். துவைக்கிற கல்லுக்குப் போனால்கூட அது கூடவே போகும்.)

"மணல்ல நிறுத்தாத. தண்ணில கியர் மாத்தாத. வலப்பக்கம் மடுவு இருக்குது, இடப்பக்கமாவே போய்க்கினு இரு."

எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். முன்னால் போன ஜீப்பிலிருந்து கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ஆறு ஒரு வளைவு திரும்பியது. தூரத்தில் ஏழுமலை. எங்கள் பக்கத்தில் பஸ்ஸிலிருந்தாலும் ரயிலிலிருந்தாலும் மலை கண்ணில் பட்டதும் கை தானாகக் குவிந்துவிடும். பின் சீட்டிலிருந்து அம்மா "கோவிந்தா!" என்றாள். மூன்று ஜீப்பும் சேர்ந்து "கோவிந்தா!" போட்டது. நானும் போட்டேன். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, ஒரு வேண்டுதலும் வைத்தேன். அண்ணன் போகக் கூடாது சாமி.

"ஸ்டீரிங் பட்டுக்கோ! பட்டுக்கோ!" என்று பின் ஜீப்பை ஓட்டிவந்த பாபு தெலுங்கில் அலறினான். நான் பிடிப்பதற்குள் ஜீப் வலப்பக்க மடுவில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சீட்டுக்கு மேல் தண்ணீர். புளிசாதக் குண்டான் மிதந்து போக, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் துரத்தினாள். அண்ணன் மட்டும் ஒரு கையை உயரத் தூக்கியபடி நின்றான். அதில் பாஸ்போர்ட், சொட்டச் சொட்ட.

பாபுவின் ஜீப் பானெட் சூடாக இருந்தது. அதன்மேல் பாஸ்போர்ட்டை விரித்து வைத்து ஆளாளுக்குக் குனிந்து ஊதினார்கள். நான் மட்டும் ஊதவில்லை.

"விசா முத்திர அழியலடா!" என்று அண்ணன் கூவிச் சிரித்தான். நான் ஓவென்று அழுதேன். ஜீப் மூழ்கியதற்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். "வண்டிதானேம்மே, தொடச்சா சரியாப்பூடும்" என்றான் அண்ணன்.

அந்த வாரமே போனான். அங்கிருந்து எப்போது பேசினாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பான். "கை எங்க இருக்குது?" நான் அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாலும் "ஸ்டீரிங்லண்ணா" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் சிரித்துவிட்டு போனை வைப்பான். அந்தச் சிரிப்புக்காகவே நானும் சலிக்காமல் சொன்னேன்.

பல வருஷம் கழித்து அவனைப் பெட்டியில் அனுப்பினார்கள். தூக்கத்திலேயே நெஞ்சுவலியாம். சென்னை விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் முன்னால் போக, அம்மாவை ஏற்றிக்கொண்டு நான் பின்னால் காரில் வந்தேன். வடமாலப்பேட்டை தாண்டியதும் மலை தெரிந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கும்பிடுவதில்லை. யாரும் கோவிந்தா போடவில்லை. அந்த மடு இன்னும் ஒரு முழம் ஆழமாக இருந்திருக்கக் கூடாதா, அந்த முத்திரை அழிந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வந்த அம்மா பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"கை எங்கடி இருக்குது?"

"ஸ்டீரிங்லம்மா."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். எனக்கும் சாலை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைக்கக்கூட நான் கையை எடுக்கவில்லை.