அக்காவின் நிச்சயதார்த்தமும் நான் அழித்த ஆறும்

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஒரு கருவியைக் கொடுத்தால், அவன் அதை முதலில் சொந்தக் குடும்பத்தின் மீதுதான் சோதித்துப் பார்ப்பான். புவியியல் தகவல் அறிவியலில் முதுகலை சேர்ந்த முதல் வருடமே (எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "மேப்பு படிப்பு") நான் சோதித்துவிட்டேன். மாட்டியது என் அக்கா.

கைப்பேசி பேச மட்டுமே உதவிய காலம் அது. அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து, தேதி தள்ளிப்போய், அப்படியே கலைந்திருந்தன. மூன்றாவது, வேப்பூர்ப் பக்கத்துக் குடும்பம். பெண் பார்த்தது கோயிலில் என்பதால் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்திடணும். இல்லன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாங்க."

அந்த 'இன்னொரு நாளை' நினைத்தே அம்மாவுக்குத் தூக்கம் போயிருந்தது.

"ஒரு பேப்பர்ல வழி வரஞ்சி ஜெராக்ஸ் எடுத்து அனுப்புடா" என்றார் அப்பா. கோயிலுக்கு ஒரு கட்டம், பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வட்டம், எங்கள் வீட்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டிருந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஆனால் நான் முதுகலை ஆயிற்றே! துறையில் கெஞ்சி ஒரு ஜிபிஎஸ் கருவியை வாங்கி வந்து, மொட்டை மாடியில் நின்று, செயற்கைக்கோள்களோடு பேசி, எங்கள் வீட்டின் இருப்பிடத்தை எண்களாக எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, டவர் கெடைக்கிலயா?" என்றார். அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

அந்த எண்களைப் பழைய நில அளவை வரைபடத்தின் மேல் குறித்தேன். புள்ளி மணிமுத்தாற்றின் அக்கரையில் போய் உட்கார்ந்தது. எங்கள் வீடு இருப்பது இக்கரையில்.

எட்டிப் பார்த்த அக்கா சொன்னாள்: "டேய், நம்ம வூடு ஆத்துக்கு அந்தாண்ட இருக்குது."

"மேப்பு பழசுக்கா. அதுக்கப்புறம் ஆறு எடம் மாறியிருக்கு."

"ஆறு மாறிடிச்சா? நான் பொறந்ததுலேர்ந்து அங்கதானடா கெடக்குது?"

"ஆறுங்க மாறும்க்கா. ஒனக்குப் புரியாது."

(இருபத்திரண்டு வயது. மன்னித்துவிடுங்கள்.)

உண்மை இதுதான். பூமியின் வடிவத்தைப் பழைய வரைபடக்காரர்கள் ஒரு கணக்கில் வைத்திருந்தார்கள், ஜிபிஎஸ் வேறொரு கணக்கில் வைத்திருக்கிறது. இந்த அடிப்படைக் கணக்குக்கு 'டேட்டம்' என்று பெயர். ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் குறித்தால் புள்ளி சில நூறு அடி தள்ளி விழும். இது எனக்குத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பருவத் தேர்வில் டேட்டம் பற்றி நான்கு பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன் நான். தேர்வுக்கு வந்த விஷயம் வீட்டுக்கும் வரும் என்றுதான் தோன்றவில்லை.

தவறான இடத்தில் ஓடும் ஆறு பார்ப்பவர்களைக் குழப்பும் என்று, வரைபடத்திலிருந்து ஆற்றையே அழித்துவிட்டேன். ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்பு, அளவுகோல் எல்லாம் போட்டு அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அப்பாவின் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"சம்பந்தி, நாங்க வந்துட்டோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்க வூட்லதாங்க இருக்கோம்."

"நாங்களும் மேப்புல போட்ட எடத்துலதாங்க நிக்கிறோம். இங்க ஒருத்தர் ஊறுகா ஜாடியா எடுத்துக் காட்டிக்கிட்டு இருக்காரு."

கொல்லைப்புறம் ஓடிப் பார்த்தோம். எதிர்க்கரையில் ஒரு செராமிக் பட்டறை. அதன் வாசலில் பட்டுப்புடவைகள், வேட்டிகள், தட்டுகள். நடுவில் பட்டறைக்காரர், மொத்த வியாபாரம் வந்துவிட்ட பூரிப்பில் ஜாடி மூடியைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

வேனைத் திருப்பி வரலாம் என்றால், பாலத்தில் நெல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டதாம். மணி பத்து பத்து. அக்கா என்னைத் திட்டவில்லை. தலையில் வைத்திருந்த பூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஆற்றில் இறங்கி ஓடினேன்.

வைகாசி என்பதால் ஆற்றில் தண்ணீர் இல்லை, சுடுமணல்தான். அக்கரையில் மூச்சு வாங்க நின்று, "மன்னிச்சிடுங்கம்மா, வூடு தோ அங்க தெரியுதே, அதான். மேப்புல நான் ஆத்தப் போடல" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். பிறகு பழத்தட்டை என் தலையில் ஏற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நட தம்பி. நீ முன்னால போவாத, எங்க பின்னால வா" என்றார்.

இருபது பேர் தட்டுகளோடு மணலில் நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கையில் பிடித்திருந்தார். பத்து இருபத்தேழுக்குத் தட்டு மாற்றினார்கள். அக்கா அவசரமாகத் திரும்ப வைத்த பூ கோணலாக இருந்தது. புகைப்படத்தில் இன்றும் கோணல்தான்.

வரைபடம் போடுவதுதான் இப்போது எனக்கு வேலை. ஊர் ஊராக அதிகாரிகள் நம்புகிறார்கள், குடும்பத்தில் ஒருவரும் நம்புவதில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது, பெண் வீட்டார் விசாரிக்கப் போனது அக்காவின் மாமியாரிடம். "பையன் எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"தங்கமான புள்ளைங்க. வழி மட்டும் கேட்டுடாதீங்க" என்றாராம்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் மனைவி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.