அத்தானை ஏன் கத்தச் சொன்னாய்?

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். இங்கே யாரும் நலமாக இல்லாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் டிவி தொடரில் அப்பா வேஷம் போட்டவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று என் வீட்டுக்காரரை அழைத்துப் போனாய். "அத்தான், நீங்க சும்மா நின்னா போதும்" என்றாய். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், நிற்க நன்றாகத்தான் தெரியும். நீயோ அதிர்ச்சி என்றால் மூன்று பக்கமும் திரும்ப வேண்டும், கோபம் என்றால் மூக்கு விடைக்க வேண்டும் என்று பழக்கிவிட்டாய். வீட்டில் நான் பால் பொங்குகிறது என்று கத்தினால் ஜன்னலைப் பார்த்து, கதவைப் பார்த்து, கடைசியில் அடுப்பைப் பார்க்கிறார், பால் தரையில். வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றார்களாம், இவர் மூக்கை விடைத்ததைப் பார்த்து நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எங்கள் மகள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதும், இவர் அவளோடு பேச்சை நிறுத்தியதும் உனக்குத் தெரியாதா? தெரிந்தும், வீட்டை விட்டுப் போன மகள் பெட்டியோடு திரும்பி வரும் காட்சியை இவருக்கே வைத்தாயே! "இந்த வாசலை மிதிக்காதே" என்று கத்த வேண்டுமாம். இவருக்கு மாத்திரை கொடுக்க வந்த நான் ஓரமாக நின்று பார்த்தேன். மகளாக நடித்த பெண் விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துப்போய் நின்றாள். இவர் அவளையே பார்த்தார். "வேர்த்துக் கொட்டுதேம்மா. உக்காரு, ஃபேன் போடறேன்" என்று சுவிட்சைத் தட்டினார். செட்டில் இருந்த விசிறிக்கு ஏது கரண்ட்? மறுபடி தட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளே, கிளிசரின் பாட்டிலோடு ஓடி வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

"கட்! ஃபேனை யாரு அத்தான் கேட்டா? கத்துங்க!" என்றாய். கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பி, அந்தப் பெண் நல்ல நடிகை. எழுதிக் கொடுக்காத வசனத்துக்கும் காது கொடுத்தாள். கேமராக்காரரும் கை நடுங்காமல் எடுத்தார். பார்க்க வேண்டிய நீதான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கெல்லாம் யாரடா டைரக்டர் நாற்காலி கொடுத்தது? உன் தொடரை எங்கள் மகள் தவறாமல் பார்க்கிறாளாம். அப்பா கத்துவது தன்னைப் பார்த்துத்தான் என்று நினைக்க மாட்டாளா? இனி இவர் அந்தப் பக்கமே வரமாட்டார். நீயும் என் வீட்டுப் பக்கம் வராதே.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் முழு மனதோடு ஆசீர்வாதம். உனக்குப் பாதி மனதோடு.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உன் தொடர் ஆரம்பித்துவிட்டது. அணைக்கத்தான் எழுந்தேன். கத்தல் வரவே இல்லை. விசிறிக் காட்சியைத்தான் வைத்திருக்கிறாய், இசைகூடப் போடாமல். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அம்மா, அப்பா இருக்காரா?" என்றாள். கொடுத்தேன். இவர் "ம்... ம்..." என்றே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் "எப்ப வரே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு நீயும் வந்து சேர்.